முதல் ஆறு மாதம் பிளாட்பாரத்தில்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கவின்கலைக் கல்லூரிகளிலும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் முதுகலைப் பாடம் வகுக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

நான் சிலை செய்கிறவன். முதலில் களிமண் மாடல், பிளாஸ்டரில் மோல்டு, அப்புறம் வெண்கலமா ஃபைபரா என்பது பார்ட்டி கொடுக்கிற காசைப் பொறுத்தது. தலைவர் சிலைகள்தான் என் பட்டறைக்குச் சோறு போடுகின்றன. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இளங்கலை, முதுகலை இரண்டுமே சிற்பத்தில்தான்.

பொதுவெளிக் கலைக்கும் நகரத்தின் பொது இடங்களுக்கும் என்று தனியாக ஒரு முதுகலைப் படிப்பு நம் ஊரில் வேண்டும் என்று நண்பர்கள் கூடும்போதெல்லாம் பேசிக்கொள்கிறோம். வேண்டும்தான். ஆனால் அதை நீங்கள் எப்படி அமைப்பீர்கள் என்று யோசித்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இன்னொரு ஸ்டூடியோ, இன்னும் பெரிய கல், ஆண்டு இறுதியில் ஒரு கண்காட்சி என்று போய்விட்டால், நான் செய்த தப்பையே பட்டம் வாங்கிக்கொண்டு செய்கிற இருபது பேர் வருஷா வருஷம் வெளியே வருவார்கள். அதனால் என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பதினைந்து வருஷம் இருக்கும். ஒரு நகராட்சி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரவுண்டானா கட்டியது. நடுவில் நீரூற்று, அதற்கு நடுவில் குடத்தோடு இரண்டு பெண்கள். வேலை எனக்கு வந்தது. என்னிடம் கேட்டவை மூன்று கேள்விகள்: எத்தனை அடி உயரம், எவ்வளவு ஆகும், திறப்பு விழாவுக்குள் முடியுமா. நான் திருப்பிக் கேட்டதும் மூன்றுதான்: அட்வான்ஸ் எவ்வளவு, கிரேன் வாடகை யார் பொறுப்பு, பீடம் கட்டுவது நானா காண்ட்ராக்டரா. அந்த இடத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. மரத்தடியில் ஒரு பூக்கார அம்மா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். அளவெடுக்கப் போன அன்று டேப்பின் ஒரு முனையை அவரிடம் கொடுத்து, "கொஞ்சம் பிடிங்கம்மா" என்றேன். பிடித்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் அளக்கிறேன் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மரம் போயிற்று. அவர் எதிர்ப்பக்கம் வெயிலுக்குப் போனார். விழா நடந்தது, தண்ணீர் பீய்ச்சியது, கை தட்டினார்கள், எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். மோட்டார் எப்போதோ எரிந்துவிட்டது. தொட்டிக்குள் தண்ணீர் பாட்டில்கள். சுற்றிலும் போட்ட கிரில்லுக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அதே அம்மா திரும்ப வந்திருந்தார். கிரில்லின் ஈட்டி முனையில் ஒரு தார்ப்பாயைக் கட்டி நிழல் பண்ணிக்கொண்டு, இடுப்பு உயரக் கம்பியில் நாரின் ஒரு நுனியை முடிந்து, மறுநுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு, "இந்தச் சிலை யாரு வெச்சதும்மா?" என்று கேட்டேன். "எவனோ வெச்சுட்டுப் போனாம்பா. கம்பி மட்டும் நல்ல கம்பி" என்றார்.

கிரில் போட்டது நான் இல்லை. அது வெல்டிங் பட்டறைக்காரர் வேலை.

யார்மேல் கோபப்படுவது? நகராட்சிமேல் படலாம், அது சுலபம். ஆனால் எனக்கு அன்று தோன்றியது வேறு. இத்தனை வருஷப் படிப்பில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தார்கள், விகிதம் சொல்லிக்கொடுத்தார்கள், வெண்கலத்துக்குப் பச்சை ஏற்றுவது, ஆர்மேச்சர் என்கிற உள் கம்பிக்கூடு கட்டுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இடம் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. நாங்கள் உருவத்தை எப்போதும் டர்ன்டேபிளில் வைத்துத்தான் பார்த்தோம். நாம் நிற்போம், உருவம் சுற்றும். தெருவில் நேர் எதிர். அது நிற்கும், ஊர் சுற்றும்.

சென்னையிலேயே இதற்கு எத்தனை பாடம் கிடக்கிறது பாருங்கள். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி, 1929 முதல் 1957 வரை அங்கே இருந்தவர். மெரினாவில் அவருடைய உழைப்பாளர் சிலை 1959-இல் வந்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள், அவ்வளவுதான். முதுகுத் தசை ஒவ்வொன்றும் பேசும். கல்லூரிக் காவலாளி ஒருவர்தான் மாடலாக நின்றார் என்று எங்கள் காலத்தில் ஆசிரியர்கள் சொல்வார்கள். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியது இந்தக் கடற்கரையில்தான். ஆக, சிலை வருவதற்கு முப்பத்தாறு வருஷம் முன்பே அந்த மணலுக்கு அந்த அர்த்தம் வந்துவிட்டது. சிலையை மட்டும் ஸ்லைடு போட்டுக் காட்டினால் இது எப்படித் தெரியும்?

அதே 1959-இல் இன்னொன்றும் நடந்தது. தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் உருக்குலைப்பைத் தடுக்கும் சட்டம் வந்தது. சுவரில் எழுதுவது, போஸ்டர் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் இன்றுவரை கையில் எடுக்கிற சட்டம் அதுதான். உலகத்தின் இன்னொரு மூலையில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் அதே வருஷம் பொதுப் பணத்துக் கட்டுமானத்தில் 1 சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அங்கே முதல் நகரம் அது. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு இந்த 1959 பிடித்த வருஷம். நம்மிடம் சிலை வந்தது, சுவரைத் தொடாதே என்ற சட்டமும் வந்தது. கலைக்கு எங்கிருந்து காசு, யார் தேர்ந்தெடுப்பது, பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற விதி மட்டும் வரவில்லை. நீங்கள் தொடங்கும் படிப்பில் ஒரு மாணவர் ஒரு வருஷம் முழுக்க இந்த மூன்றாவது விஷயத்தை மட்டும் ஆராய்ந்தாலும் போதும், படிப்பு தொடங்கியதற்குக் கூலி வந்துவிடும்.

கண்ணகிக்கு வருகிறேன். 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் பத்துச் சிலைகள் வைத்தார்கள். வள்ளுவர், ஒளவை, கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., போப், கால்டுவெல், வீரமாமுனிவர், கண்ணகி. 2001 டிசம்பரில் கண்ணகியை எடுத்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 2006 ஜூனில் திரும்ப வந்தது. ஆட்சி மாறி ஆட்சி வந்த கதை எல்லோருக்கும் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. எனக்கு நினைவில் நிற்பது பஸ். அந்த நாலரை வருஷமும் நடத்துநர் "கண்ணகி சிலை எறங்கு" என்றுதான் குரல் கொடுத்தார். இறங்கினால் சிலை இல்லை. ஆனாலும் இடம் கண்ணகி சிலைதான். சிலை போன பிறகும் பெயரை ஊர் விட்டுக்கொடுக்கவில்லை என்றால், அங்கே வேலை செய்தது வெண்கலம் மட்டுமா? இந்த ஒரு கேள்விக்கே மூன்று வாரம் வகுப்பு எடுக்கலாம்.

நீல் சிலை கண்ணகிக்கு முன்னோடி. 1857-இல் வட இந்தியாவில் கொடூரமாக நடந்துகொண்ட கர்னல் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927-இல் அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்தார்கள், சிறைக்குப் போனார்கள். பத்து வருஷம் கழித்து, 1937-இல் ராஜாஜியின் அமைச்சரவை வந்த பிறகு அது அருங்காட்சியகத்துக்குப் போனது. அதே எழும்பூர் அருங்காட்சியகம்தான். தீவுத்திடல் அருகே குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் பழைய மெட்ராஸ் கவர்னர் மன்றோவை யாரும் தொடவில்லை. 1839-இலிருந்து அங்கேயே இருக்கிறார். அங்கவடி இல்லாத குதிரை என்று மட்டும் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள், ஒருவரை ஏன் எடுத்தோம், ஒருவரை ஏன் விட்டோம்? பல ஊர்களில் சிலைகளை இறக்குவது பற்றிக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதுகிறார்கள். நாம் இந்த விவகாரத்தைத் தெருவில் இறங்கிப் பேசி நூறு வருஷம் ஆகப்போகிறது, பாடப்புத்தகத்தில் நாலு வரி வந்தால் அதிகம்.

நடிகர் சிவாஜி கணேசன் சிலை வேறு மாதிரி. 2006-இல் காமராஜர் சாலையில் வைத்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு, நீதிமன்ற உத்தரவு, 2017 ஆகஸ்டில் அடையாறு மணிமண்டபத்துக்கு மாற்றினார்கள். சிலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சாலைச் சந்திப்பில் பார்வைத் தூரம் என்று ஒரு கணக்கு இருப்பது எங்கள் தொழிலில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

முதல் ஆறு மாதம் ஸ்டூடியோவே வேண்டாம். ஒவ்வொரு மாணவருக்கும் நகரத்தில் ஓர் இடத்தைக் கொடுங்கள். ஒரு பஸ் நிறுத்தம், ஒரு சந்தை முனை, பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கிற இருட்டு, பாண்டி பஜாரில் 2019-இல் அகலப்படுத்திய நடைபாதையில் ஒரு நூறு அடி. அங்கே உட்காரச் சொல்லுங்கள். செய்வதற்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். நியூயார்க்கில் வில்லியம் ஒயிட் என்பவர் 1970-களில் சதுக்கங்களில் கேமராவை வைத்து யார் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று எண்ணியே ஒரு நகரத்தின் கட்டட விதிகளைத் திருத்த வைத்தார். நமக்குக் கேமராகூட வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தொப்பி போதும்.

ரவுண்டானாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு நானே இதைச் செய்து பார்த்தேன். ஒரு நாள், விடிகாலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை, உழைப்பாளர் சிலைக்குப் பக்கத்தில். காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் விளிம்புக் கல்லில் காலை வைத்து ஷூ லேஸ் கட்டினார்கள். அந்தக் கல்லின் உயரம் அதற்குச் சரியாக இருந்தது, யாரும் அதற்காக வைக்கவில்லை. பத்து மணிக்கு மேல் ஆளே இல்லை. உச்சி வெயிலில் கிடைத்த ஒரே நிழல் பீடத்தின் நிழல், ஒரு முழம் அகலம் இருக்கும். அதில் ஐஸ் விற்கிற ஒருவர் தன்னைச் சரியாகப் பொருத்திப் படுத்திருந்தார். நிழல் நகர நகர அவரும் தூக்கத்திலேயே நகர்ந்தார். சாயங்காலம் வெளியூர்க் குடும்பங்கள் படம் எடுத்தார்கள். எல்லோரும் சிலைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார்கள். ஒரு பையன் மட்டும் அப்பாவிடம், "அந்தக் கல்லு எப்ப நகரும்?" என்று கேட்டான். அப்பா மொபைலைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி" என்றார். இவ்வளவு நாள் அந்தச் சிலையின் முதுகுத் தசையை ஸ்கெட்ச் போட்டிருக்கிறேன். அதன் நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று அன்றுதான் தெரிந்தது.

பொதுவெளி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பில் வந்த சொல், கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. நம்மிடம் இருந்த சொல் புறம்போக்கு. வரிவிதிப்புக்குப் புறம்பாக ஒதுக்கிய நிலம். மேய்ச்சல், ஏரிக்கரை, களம், சுடுகாடு, மந்தைவெளி. யாருக்கும் பட்டா இல்லை, அதனால் எல்லோருக்கும் உரியது. அந்தச் சொல்லை இப்போது ஆளைத் திட்டப் பயன்படுத்துகிறோம். ஒரு சமூகம் தன் பொது நிலத்தின் பெயரை வசவாக மாற்றிக்கொண்டது எப்படி என்று தெரியாமல் அந்த நிலத்தில் கலை வைக்கக் கிளம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. வருவாய்த் துறையில் ஓய்வுபெற்ற ஒரு சர்வேயரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். புல வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுப்பார். அழகியலுக்கு நீங்கள் ஒதுக்குகிற நேரத்தில் கால்வாசி அவருக்குக் கொடுத்தால் போதும்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதியதும் இல்லை. சங்கப் பாட்டில் நடுகல் நிற்பது வழியோரத்தில். பெயரையும் பெருமையையும் எழுதி, மயில்பீலி சூட்டி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி வைத்தார்கள். வழிதான் அதற்குப் பீடம்.

மெரினாவுக்கே திரும்பினால், அங்கே கலைக்கு வெளியே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் கடற்கரைச் சாலையை அழகுபடுத்தி மெரினா என்று பெயர் வைத்ததற்கு முன்பே அங்கே மீனவர் குப்பங்கள் இருந்தன. அழகுபடுத்துகிறோம் என்ற பேரில் 1985-இல் கட்டுமரங்களை அகற்றப் போய், விவகாரம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டில் மீன் கடைகளை அகற்றியபோது நொச்சிக்குப்பத்து மக்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். அழகு என்ற சொல்லைக் கேட்டாலே குப்பத்தில் இருக்கிறவர்களுக்கு ஏன் வயிறு கலங்குகிறது என்பதை நம் மாணவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நாளைக்கு அந்தச் சொல்லோடு அங்கே போய் நிற்கப்போவது அவர்தான்.

2020-இல் கண்ணகி நகரில் பெரிய பெரிய சுவரோவியங்கள் வரைந்தார்கள். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தியவர்களைக் குடியேற்றிய இடம் அது. ஓவியங்கள் நன்றாக இருக்கின்றன, பொய் சொல்லவில்லை. அந்தச் சிரிக்கிற முகங்களைப் பார்த்தால் மனசு லேசாகிறது. நகரத்தில் பலர் அந்தப் பெயரைக் குற்றச் செய்தியில் மட்டுமே கேட்டிருந்தார்கள், இப்போது படம் எடுக்கப் போகிறார்கள், அதுவும் ஒரு மாற்றம்தான். ஆனால் சாயம் எத்தனை வருஷம் தாங்கும், வெளுத்த பிறகு அந்த முகம் எப்படி இருக்கும், அந்த வீட்டில் குடியிருக்கிறவர் ஜன்னலுக்குப் புதிதாக ஏசி மாட்ட வேண்டுமென்றால் முகத்தில் ஓட்டை போடலாமா, கூடாதா? இதையெல்லாம் கேட்டால் ரசனை கெட்டவன் என்று பார்க்கிறார்கள். கேட்கத் தெரிந்த ஆளை உருவாக்கத்தான் படிப்பு.

சட்டமும் காசும் சொல்லிக்கொடுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. என்னிடம் ஆர்டர் கொடுக்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது தெரியாது, எனக்கே ஒரு சிலையைச் செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அந்தச் சிலை இன்னும் என் ஷெட்டில் சாக்குப் போர்த்தி நிற்கிறது, வெள்ளிக்கிழமை வீட்டில் அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டுகிறார்கள். 2014-இல் தெருவோர வியாபாரிகளுக்கென்று மத்திய சட்டம் வந்தது. என் பூக்கார அம்மாவுக்கு அந்த இடத்தில் ஒரு உரிமை உண்டா என்று பேசவே இடம் கொடுத்த சட்டம் அது.

கலைஞனுக்கும் உரிமை உண்டு. டெல்லி விக்யான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்து எடுத்துக் குடோனில் போட்டார்கள். மனிதர் விடவில்லை, வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் படைப்பைச் சிதைத்தால் கேட்கிற உரிமையைக் கலைஞனுக்குத் தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவைக் காட்டி, மிஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடும் விதித்தது. இந்தத் தீர்ப்பைக் கேட்டால் எங்களுக்கெல்லாம் மார்பு விரியும். உடனே கூடவே நியூயார்க் கதையையும் சொல்லிவிடுங்கள். ரிச்சர்ட் செர்ரா 1981-இல் ஒரு சதுக்கத்தின் குறுக்கே 120 அடி நீளம், 12 அடி உயரத்துக்கு ஒரு வளைந்த இரும்புச் சுவரை நிறுத்தினார். சுற்றியிருந்த அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தினமும் சுற்றிப் போக வேண்டியிருந்தது. விசாரணை, வழக்கு, கடைசியில் 1989-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். இந்த இடத்துக்காகவே செய்தது, இங்கிருந்து எடுத்தால் அது அழிந்ததாகவே அர்த்தம் என்று செர்ரா வாதாடினார். அவரும் இடத்தைப் பற்றித்தான் பேசினார், பாருங்கள். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு குறுக்கே நடக்கிறவரும் இடத்தைப் பற்றித்தான் பேசினார். நான் யார் பக்கம் என்று கேட்டால் ரவுண்டானாவுக்கு முன் செர்ரா பக்கம். இப்போது தெரியவில்லை, சாப்பாட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

அப்புறம் டெண்டர். எல்-ஒன் என்றால் என்ன, யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே வேலை என்ற விதி கலைக்கு என்ன செய்கிறது, எஸ்டிமேட்டில் கலைக்கு எந்தத் தலைப்பில் காசு எழுதுவார்கள், எம்-புக் என்கிற அளவுப் பதிவேட்டில் இன்ஜினியர் சிலையை எப்படி அளந்து பதிவார், இதெல்லாம் ஒரு பாடத்தாள். எம்-புக்கில் என் குடப் பெண்கள் கன மீட்டர் கணக்கில்தான் இருக்கிறார்கள். பராமரிப்புக்கு ஒரு வரி எழுதச் சொல்லி நான் கேட்டிருந்தால் அந்த மோட்டாரை யாராவது மாற்றியிருப்பார்கள். கேட்கவில்லை, அப்படி ஒரு வரி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பீர்கள். பேனர் வரைந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மவுண்ட் ரோட்டில் நாற்பதடி, ஐம்பதடி கட்-அவுட்டை மூங்கில் சாரத்தில் நிறுத்தியவர்கள். கட்டம் போட்டு, சின்னப் படத்திலிருந்து ஒரு கண்ணையே ஆள் உயரத்துக்குக் கொண்டுபோவார்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு முகம் சுருங்காமல் இருக்க மேலே போகப் போக எவ்வளவு நீட்ட வேண்டும், ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் எந்த நிறம் முதலில் கண்ணில் படும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் சாரத்தை எங்கே கட்ட வேண்டும், எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. ஃப்ளெக்ஸ் வந்து அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அந்த ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றுதான் 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம்பெண்மேல் சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் உயிரை எடுத்தது. காற்றைப் பற்றித் தெரிந்த தலைமுறையை அனுப்பிவிட்டு, காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பேனர் கட்டினோம். பெரியவர்களிடம் பட்டம் இருக்காது. யு.ஜி.சி. விதி இடம் கொடுக்காது என்று சொல்லாதீர்கள், சிறப்பு அழைப்பாளர் என்று ஒரு சொல் உங்களிடம் இருக்கிறது.

கோலம் போடுகிற அம்மாக்களையும் கூப்பிடுங்கள். மார்கழியில் வாசல் முடிகிற இடத்துக்கும் ரோடு தொடங்குகிற இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் வரை கோலம் போகலாம் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். 2019 டிசம்பர் கடைசியில் பெசன்ட் நகரில் சில பெண்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்டபோது போலீஸ் அவர்களைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பிறகு விட்டது. அதே மாவு, அதே தெரு, அதே மாதம். வாசகம் மட்டும் வேறு. பொதுவெளி எது என்று அன்று காலை ஒரு கிலோ கோலமாவு காட்டியதை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் வைமர் நகரத்து பௌஹவுஸ் பல்கலைக்கழகத்தில் பொதுவெளிக் கலைக்கென்றே முதுகலை இருக்கிறது. பக்கத்தில் பெங்களூரில் சிருஷ்டி நிறுவனத்து மாணவர்கள் பீன்யா, கப்பன் பார்க் மெட்ரோ நிலையங்களில் வேலை செய்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், பேசுங்கள். ஜெராக்ஸ் மட்டும் வேண்டாம். அங்கே உட்காருகிறவர்கள் வேறு, வெயில் வேறு.

இறுதித் தேர்வுக்கு ஒரு யோசனை. மாணவர் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று கட்டாயம் வைக்காதீர்கள். "இந்த இடத்தில் எதுவும் வைக்கத் தேவையில்லை, இரண்டு பெஞ்சும் ஒரு மரமும் போதும்" என்று ஒருவர் ஆறு மாதம் உட்கார்ந்து ஆதாரத்தோடு எழுதிக்கொண்டு வந்தால் அவருக்கு முதல் வகுப்பு கொடுங்கள். எங்கள் தொழிலுக்கு அது நஷ்டம்தான், பரவாயில்லை.

நீங்கள் கூப்பிட்டால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், பஸ் காசு போதும். என் ரவுண்டானாவையே முதல் வருஷ மாணவர்களுக்கு இடமாகக் கொடுங்கள். எஸ்டிமேட்டின் நகல், மாடல் படங்கள், ஒர்க் ஆர்டர், திறப்பு விழாப் பத்திரிகை எல்லாம் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு அவர்கள் நேரே அந்த அம்மாவிடம் போகட்டும். பதினோரு மணிக்குள் போகச் சொல்லுங்கள். அதற்குள் மல்லி தீர்ந்துவிடும், தார்ப்பாயை அவிழ்த்து மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இப்படிக்கு,
ரவுண்டானாவில் நீரூற்று வைத்துவிட்டுப் போனவன்